சாவிக்கொத்து: மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவச் சபை ஒன்றில் நடந்தது

சண்டை கல்வெட்டில் தொடங்கியது என்றுதான் இரண்டு தரப்பும் சொன்னார்கள். சபையின் மாடி மண்டபம் கட்டி முடிந்து, பிரதிஷ்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு டெம்போவில் சலவைக்கல் வந்து இறங்கியது. சாக்கைப் பிரித்துப் பார்த்தவர்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "தேவனுடைய மகிமைக்கென்று" என்ற வரி மேலே சின்ன எழுத்தில் இருந்தது. அதற்கு அடியில் செயலாளர் பெயர், தங்க வண்ணத்தில், இரண்டு மடங்கு பெரிதாக. போதகர் பெயர் அதற்கும் கீழே, கமிட்டி உறுப்பினர்களோடு வரிசையில் நின்றது.

நான் அந்தச் சபையின் உறுப்பினன் இல்லை. மும்பையிலேயே வேறொரு தமிழ்ச் சபையில் பல வருஷம் கணக்கு எழுதியவன். இரண்டு தரப்பும் ஒருவரோடு ஒருவர் முகம்கொடுத்துப் பேசாத நிலை வந்தபோது, வெளியிலிருந்து மூன்று பேரை உட்காரச் சொன்னார்கள். அதில் நானும் ஒருவன். இரண்டு வருஷத்தில் பதினொரு முறை உட்கார்ந்தோம். இதை எழுதலாம் என்று இரு தரப்பும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் சபையின் பெயரையும் விட்டுவிட்டேன்.

செயலாளர் அண்ணாச்சி

சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் இருக்கிற சபை அது. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் சால் என்கிற வரிசைக் குடியிருப்பு ஒன்றில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஜெபக்கூட்டமாக ஆரம்பித்தது. இப்போது 140 குடும்பங்கள் போல இருக்கும். பொது அறக்கட்டளையாகப் பதிவு செய்து, கமிட்டி வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல் என்று விதிமுறையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களின் ஏலம், வருஷத்துக்கு ஒரு அசனம் என்கிற பொது விருந்து. ஊரில் இருக்கிற எல்லாமே அங்கேயும் உண்டு.

செயலாளரைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. பதினேழு வயதில் ரயிலேறி வந்து தாராவியில் இட்லிக்கு மாவாட்டியவர். பிறகு சொந்தமாக ஒரு பலசரக்குக் கடை. செயலாளராகி இரண்டாம் வருஷம் அந்தப் பெருவெள்ளம் வந்தது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு குர்லாவுக்குள் புகுந்துவிட்டது. சபை கொஞ்சம் மேட்டில் இருந்ததால் தப்பியது. மார்பளவுத் தண்ணீரில் நடந்துவந்து கதவைத் திறந்தவர் அவர்தான். மூன்று நாள் அங்கே தங்கினவர்களுக்குக் கஞ்சி காய்ச்சினார். என்ன சாதி, என்ன மதம் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

2020 ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதல் கொரோனா தொற்று தெரியவந்தது. அடுத்த வாரமே அவர் கடையிலிருந்து அரிசியும் பருப்பும் கடனுக்குப் போனது. அந்தக் கடனை அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை. மே மாதம் ஊருக்குப் போகிற சிறப்பு ரயில்களுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்க வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் பூர்த்தி செய்து கொடுத்தார். அதில் பாதிப்பேர் சபைக்காரர்களே இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு. அந்தச் சந்தில் மாநகராட்சித் தண்ணீர் விடிகாலை அஞ்சரைக்கு வரும், ஒன்றரை மணி நேரத்தில் நின்றுவிடும். யாராவது போய் வால்வைத் திறந்து தொட்டியை நிரப்ப வேண்டும். பதினெட்டு வருஷம், மழையோ காய்ச்சலோ, கடை திறக்கிறதுக்கு முன்னால் அவர்தான் போய் நிரப்பினார். அதற்காகத்தான் கேட் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் ஆலயச் சாவி, பீரோ சாவி, பதிவேடுகள் இருந்த அலமாரி, ஸ்பீக்கர் பெட்டி, உண்டியல். நான் பார்த்தபோது இடுப்பில் தொங்கின கொத்தில் பதினான்கு சாவி இருந்தது.

எப்போது மாறியது

யாராலும் தேதி சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது.

அறிவிப்பு நேரம் பிரசங்கத்தைவிட நீண்டுபோனதைப் பெண்கள் சொன்னார்கள். ஒன்பது வருஷத்தில் நாலு போதகர்கள் மாறினதை மூத்தவர்கள் சொன்னார்கள். ஒருவரும் பகிரங்கமாகச் சண்டை போட்டுப் போகவில்லை. ஒருவர் திருவிருந்துக்கு முன் ஒப்புரவாகுதல் பற்றி ஒரு ஞாயிறு பேசினார், அடுத்த மாதம் அவர் வீட்டு வாடகை தாமதமானது. இன்னொருவர் வாலிபர் கூட்டத்தைத் தம் வீட்டில் நடத்தினார், "கமிட்டிக்குத் தெரியாம என்ன கூட்டம்?" என்று கேள்வி வந்தது. தேர்தல் என்றால் "ஏகமனதாக" என்று ஒரு வரி. எதிர்த்து நிற்கக்கூடியவர்களின் சந்தா பாக்கி அந்த வருஷம் பார்த்து நினைவுக்கு வரும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. கட்டாதவர்கள் வேறு பலரும் உண்டு, அவர்கள் பெயர் இருக்கும்.

பொதுக்குழுவில் ஒரு பையன் எழுந்து மண்டபக் கணக்கைக் கேட்டிருக்கிறான். பொறியியல் முடித்தவன், இருபத்து நாலு வயசு. பதில் இப்படி வந்தது: "தம்பி, நீ பொறக்கதுக்கு முந்தியே இந்தச் சபைக்கு மண்ணு சுமந்தவன் நான். கணக்கு கேக்க வந்துட்டியா?" கூட்டத்தில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. அவர் மண் சுமந்தது உண்மை. சுமந்த மண்ணையே கேள்விக்குப் பதிலாக வைத்தபோது அந்தச் சேவை வேறொன்றாகிவிட்டது.

கைதட்டினவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "அண்ணாச்சி இல்லேன்னா சபையே இல்ல" என்று சொல்லிச் சொல்லியே அவரை அங்கே கொண்டு நிறுத்தினார்கள். வேதாகமத்தில் எண்ணாகமம் 11-இல் எல்தாத்தும் மேதாத்தும் பாளயத்துக்குள்ளேயே தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள். ஒரு பிள்ளையாண்டான் ஓடிவந்து அதை மோசேயிடம் சொல்கிறான். மோசேயின் ஊழியக்காரன் யோசுவா, தடை பண்ணும் என்கிறான். மோசே அவனிடம், "நீ எனக்காக வைராக்கியம் காண்பிக்கிறாயோ?" என்று கேட்கிறார். தலைவருக்காகப் பொறாமைப்படுகிற விசுவாசமான ஆட்கள்தான் அவருக்குப் பெரிய சோதனை. மோசே அந்த இடத்திலேயே அவர்கள் வாயை அடைத்தார். நம் செயலாளர் அடைக்கவில்லை.

எதிர் தரப்பு

கல்வெட்டுக்குப் பிறகு எதிர்த்துத் திரண்டவர்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு வங்கி அதிகாரி. படித்தவர், நிதானமாகப் பேசுகிறவர். கணக்கு வேண்டும், தேர்தல் விதிப்படி நடக்க வேண்டும், போதகருக்கு மரியாதை வேண்டும் என்று கேட்டார். மூன்றும் நியாயம். முதல் இரண்டு அமர்வுகளில் என் மனசு அவர் பக்கமே இருந்தது.

மூன்றாவது அமர்வுக்கு ஒரு கோப்பு கொண்டுவந்திருந்தார். ரசீதுகளின் நகலை எடுத்துக் காட்டும்போது, கோப்பின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாள் நழுவி மேஜையில் விழுந்தது. சபையின் லெட்டர்ஹெட். புதிதாக அச்சடித்தது. இடது ஓரத்தில் செயலாளர் என்று போட்டு அவர் பெயர். தேர்தலுக்கு அப்போது இன்னும் ஏழு வாரம் இருந்தது. அவர் தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. காதுவரை சிவந்துபோனார்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகும் அவருடைய கோரிக்கை நியாயமானதுதான் என்பதில் எனக்கு மாற்றமில்லை. நியாயமான கோரிக்கைக்குள்ளேயும் அந்த ஆசை குடியிருக்கும் என்பதை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

தேர்தல் ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு இடத்தில் நடந்தது. ஒன்று ஆலயத்துக்குள், ஒன்று எதிரே ஒரு பள்ளிக்கூட ஹாலில். மகாராஷ்டிராவில் இதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம், 1950, பிரிவு 22-இன்படி நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் சேரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் மாற்ற அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு தரப்பும் வொர்லிக்குப் போய் ஆளுக்கொன்று தாக்கல் செய்தார்கள். ஒன்றுக்கு ஆட்சேபம் வந்தாலே விசாரணை நீளும். இங்கே ஒன்றை ஒன்று ஆட்சேபித்தது. இரண்டு தரப்பிலிருந்தும் கடிதம் போனதால் வங்கி கணக்கை நிறுத்திவைத்தது. போதகருக்கும் வாட்ச்மேனுக்கும் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. போதகர் மனைவி வீட்டில் டியூஷன் எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். அறுப்பின் பண்டிகை இரண்டு முறை நடந்தது. உள்ளே ஒரு ஏலம், வெளியே சந்தில் ஒரு ஏலம். ஒரே பரங்கிக்காய் இரண்டு பக்கமும் போட்டிக்கு விலையேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அதற்கடுத்த மே மாதம் ஞாயிறு பள்ளியில் ஒரு தலைமுறைக்கே வசனம் சொல்லிக்கொடுத்த ஒரு அம்மா இறந்துபோனார். அவர் பிள்ளைகள் எதிர் தரப்பு. மாலை மூன்றரைக்கு உடலை ஆலயத்துக்குக் கொண்டுவருவதாகப் போதகரோடு பேசி முடிவு செய்திருந்தார்கள்.

வண்டி வந்து நின்றபோது கேட் பூட்டியிருந்தது.

செயலாளர் காலை ஆராதனை முடித்துப் பூட்டிவிட்டு கல்யாணில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில். போன் பண்ணினவுடனே கிளம்பிவிட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, மெகாபிளாக், தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கிற நாள். மத்திய ரயில்வேயில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். அவர் வந்து சேர்ந்தபோது மணி அஞ்சே முக்கால்.

அதுவரைக்கும் பெட்டி சந்தில் இருந்தது. எதிரே டீக்கடை வைத்திருக்கிற பாய் இரண்டு பெஞ்சை எடுத்துப்போட்டு, கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து நிழல் கட்டினார். பேத்தி ஒருத்தி, பத்துப் பதினொரு வயசு இருக்கும், விசிறிக்கொண்டே நின்றாள். பெட்டிக்கு விசிறிக்கொண்டு நின்றாள்.

"வேணும்னே பண்ணிட்டான்" என்று ஒரு தரப்பு. "வேணும்னு பண்ணல" என்று இன்னொரு தரப்பு. நாங்கள் உட்கார்ந்த ஐந்தாவது அமர்வு முழுக்க இதுவே ஓடியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். நம்புகிறதால்தான் இது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. 140 குடும்பங்கள் இருக்கிற சபையில் இரண்டாவது சாவி என்று ஒன்று இல்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு சாவி அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினவர்களுக்குக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. சயான் ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிஷத்தில் அடித்துத் தருவார்கள்.

எந்தக் கூலி

இதற்குப் பிறகுதான் கணக்குத் தணிக்கைக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து ஒரு ஆடிட்டர், தமிழர் அல்லாதவர். நாலு மாதம் ஆனது. மண்டபத்துக்கு ஆன 62 லட்சத்தில் பல செலவுக்கு ரசீது இல்லை. சிமெண்டும் கூலியும் ரொக்கமாகப் போயிருக்கிறது. ஆனால் வரவையும் கட்டிடத்தையும் வைத்து அளந்து பார்த்ததில் பணம் காணாமல் போகவில்லை. கடைக் கணக்கிலிருந்து அவர் தம் சொந்தப் பணத்தை நாலைந்து தடவை போட்டிருக்கிறார், திரும்ப எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அதைப் படித்துக் காட்டினபோது அவர் அழுதுவிட்டார். "நான் களவாங்கலன்னு இப்பமாச்சும் தெரிஞ்சிதா?" என்றார். எதிர் தரப்பு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. எனக்கும் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் அவர் ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

எங்கள் மூன்று பேரில் மூத்தவர், ஓய்வுபெற்ற போதகர், அப்போதுதான் பிலிப்பியர் 2:3-ஐ வாசித்தார். "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்." நம் எல்லோருக்கும் மனப்பாடமான வசனம். அவர் அந்த "வாது" என்ற சொல்லில் நின்றார். கிரேக்கத்தில் அது எரித்தேயா. எரித்தோஸ் என்றால் கூலியாள். அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது இது. அரசியலைப் பற்றி எழுதும்போது அரிஸ்டாட்டில் இதே சொல்லை, ஆள் சேர்த்துச் சூழ்ச்சி பண்ணிப் பதவியைப் பிடிப்பதற்குப் பயன்படுத்துகிறார்.

ஐயா புத்தகத்தை மூடிவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ஒரு ரூபா எடுக்கல. ஆனா கூலி வாங்காம உழைச்சீங்களா?" என்று கேட்டார்.

செயலாளர் பதில் சொல்லவில்லை. எனக்கு அது முதுகில் அடித்த மாதிரி இருந்தது. நம்முடைய சபைகளில் சுயநலம் என்றால் பணம் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். கை சுத்தமாக இருந்தால் ஆள் சுத்தம். கூலியைப் பணமாக வாங்காதவர்கள், மரியாதையாக வாங்கலாம். நோட்டீஸில் முதல் பெயராக, அறிவிப்பு நேரமாக, "அண்ணாச்சி இல்லேன்னா" என்ற வார்த்தையாக வாங்கலாம். அதற்கு எந்த ஆடிட்டரும் ரசீது கேட்கமாட்டார். நான் என் சபையில் கணக்கு எழுதின வருஷங்களில், ஆண்டறிக்கை வாசித்து முடித்ததும் யாராவது என் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார்களா என்று காத்திருந்திருக்கிறேன். சொல்லாத வருஷம் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

பிலிப்பி எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் அந்த வசனம் இன்னும் கிட்டே வரும். கி.மு. 42-இல் அங்கே நடந்த போருக்குப் பிறகு ரோமப் படைவீரர்களைக் குடியேற்றின ஊர். அப்போஸ்தலர் 16:12 அதைக் குடியேற்றப் பட்டணம் என்றே சொல்கிறது. அங்கே கிடைத்த கல்வெட்டுகளில், தான் வகித்த பதவிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டிவைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல், கிறிஸ்துவைப் பற்றி, தலைகீழான வரிசை ஒன்றை எழுதுகிறார்: தேவனுடைய ரூபம், அடிமையின் ரூபம், மனுஷர் சாயல், மரணம், அதுவும் சிலுவை மரணம். ஐயா இதைச் சொன்னபோது எல்லோருடைய கண்ணும் ஜன்னல் வழியே மாடிப்படிப் பக்கம் போனது. கல் அங்கேதான் இருக்கிறது.

பொறுப்பை விரும்புவதே தப்பு என்று இதிலிருந்து சிலர் பேசத் தொடங்கினார்கள். அதை ஏற்க முடியாது. கண்காணிப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று 1 தீமோத்தேயு 3:1 சொல்கிறது. சீஷர்களான செபெதேயுவின் குமாரர் தமக்கு வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டபோதுகூட, பெரியவனாக விரும்பாதே என்று இயேசு சொல்லவில்லை. விரும்பினால் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன் என்றார். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வருகிற தியோத்திரேப்பு, "முதன்மையாயிருக்க விரும்புகிறவன்". அவன்மேல் பணக் குற்றச்சாட்டோ உபதேசக் குற்றச்சாட்டோ அந்தக் கடிதத்தில் இல்லை. வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொள்ள நினைத்தவர்களையும் தடுத்தான், சபைக்கு வெளியே தள்ளினான். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு அந்த வசனத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

சும்மா இருந்தவர்கள்

இந்தச் சபையில் எல்லோரும் "தாழ்மையான மனுஷர்" என்று ஒருவரைக் காட்டினார்கள். பழைய பொருளாளர். எண்பதை நெருங்குகிறவர். மெல்லப் பேசுவார், யாரையும் புண்படுத்தமாட்டார். சபையை ஆரம்பித்தவர்களில் மிச்சமிருக்கிற ஒரே ஆள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செயலாளர் கேட்டிருப்பார். பட்டியலில் பெயர்கள் போனது அவருக்குத் தெரியும். போதகர்கள் ஏன் போனார்கள் என்பதும் தெரியும்.

"நமக்கெதுக்கு வம்பு, ஜெபிப்போம்னு இருந்துட்டேன்" என்றார்.

அவரை நான் குறை சொல்லி எழுதவில்லை. அவரே ஏழாவது அமர்வில் சொன்னதை எழுதுகிறேன்: "எனக்குப் பயம்யா. அதுக்குத் தாழ்மைன்னு பேரு வச்சிக்கிட்டேன்." பதினொரு அமர்விலும் நான் கேட்ட மிக நேர்மையான வார்த்தை அது. பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவர் என்று பெயர் வாங்கின மோசேதான் பார்வோன் முன்னால் போய் நின்றவர். தாழ்மை என்றால் வாய் மூடியிருப்பது என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? சபையில் பெண்கள் எழுந்தால், வாலிபர்கள் எழுந்தால், "தாழ்மையா இரு" என்று உட்காரவைக்கிறோம். கேள்வி கேட்கிறவனுக்குச் சொல்கிற புத்தி, பதில் சொல்ல வேண்டியவருக்கு எட்டுவதில்லை.

என்ன செய்தோம், எது பலித்தது

முதல் முயற்சி தோற்றது. அதற்கு நானும் பொறுப்பு. பெரிய வியாழன் ஆராதனையில் செயலாளரும் வங்கி அதிகாரியும் ஒருவர் காலை ஒருவர் கழுவட்டும் என்று யோசனை சொன்னவன் நான். கழுவினார்கள். எல்லோரும் அழுதார்கள். ஆராதனை முடிந்து நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிறதுக்குள் அந்தப் படம் இரண்டு தரப்பின் வாட்ஸாப் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது. இந்தப் பக்கப் படத்தில் இவர் குனிந்திருந்தார், அந்தப் பக்கப் படத்தில் அவர். "எங்க ஆளு தாழ்மையைப் பாருங்க" என்று ஒரு வரி. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இயேசு சீஷர்களின் காலைக் கழுவின யோவான் 13-ஐ எடுத்து ஒரு ஆயுதம் செய்துகொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் உணர்ச்சியான காரியங்களை விட்டோம். சின்னச் சின்ன வேலைகளைப் பிடித்தோம். எல்லாச் சாவிக்கும் இரண்டு நகல். வாக்காளர் பட்டியல் அறிவிப்புப் பலகையில், தேர்தலுக்கு 60 நாள் முன்பே. காசோலையில் இரண்டு கையெழுத்து, இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. ஒரு பொறுப்பில் தொடர்ந்து இரண்டு தவணை, அதாவது ஆறு வருஷம், அதற்குமேல் மூன்று வருஷ இடைவெளி. நோட்டீஸில் கமிட்டி என்று மட்டும் போடுவது, பெயர்கள் வேண்டாம். கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது. இரண்டு தரப்பிலிருந்தும் வந்தது.

செயலாளரைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று நான் ஒரு யோசனை வைத்தேன். அப்போஸ்தலர் 1-இல் யூதாஸின் இடத்துக்கு மத்தியாவுக்கும் யுஸ்து என்ற யோசேப்புக்கும் நடுவில் சீட்டுப்போட்டார்களே. சீட்டு விழாத யோசேப்பு கோபித்துக்கொண்டு போனதாக ஒரு வரியும் இல்லை, அது எனக்குப் பிடித்த இடம். ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர் எழுந்து, ஆவியானவர் இறங்கினதற்குப் பிறகு அப்போஸ்தலர் நடபடிகளில் சீட்டே வரவில்லையே ஐயா என்றார். ஆறாம் அதிகாரத்தில் ஏழு பேரைச் சபையார்தானே தெரிந்தெடுத்தார்கள் என்றும் கேட்டார். யோசனை விழுந்தது. சரிதான் என்று பட்டது.

செயலாளர் அடிக்கடி அசரியா பேராயரைச் சொல்வார். நம்ம ஊர்க்காரர், வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர் என்று பெருமையாகச் சொல்வார். ஒரு நாள் தேர்தல் பேச்சுக்குப் பிறகு, அவரும் நானும் மட்டும் பாய் கடையில் கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தோம். அசரியா அதற்கு முன்னால் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக இருந்தார், நாடு முழுக்கச் சுற்றிவந்த பொறுப்பு அது, அதை விட்டுவிட்டு 1909-இல் தோர்ணக்கல்லுக்குப் போனார், பாஷை தெரியாத இடம், தெலுங்கு படித்துக்கொண்டுதான் ஊழியம் செய்தார் என்று சொன்னேன். 1903-இல் நெல்லையில் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கம் அனுப்பின இடத்துக்கே போனார். "அவரும் செயலாளராத்தான் இருந்தாரா?" என்று கேட்டுவிட்டு வெகு நேரம் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

வங்கி அதிகாரி ஒரு ஞாயிறு முன்னால் வந்து, நான் லெட்டர்ஹெட் அடித்து வைத்திருந்தேன் என்று தாமே சொன்னார். போட்டியிடவில்லை என்றார். அதைச் சொல்ல அவருக்கு ஆறு வாரம் ஆனது. அவர் மனைவி அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை என்பதும் உண்மை. இரு தரப்பும் மாற்ற அறிக்கைகளைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்து, எங்கள் முன்னிலையில் ஒரே தேர்தல் நடத்தி, புதிதாக ஒன்று தாக்கல் செய்தார்கள். சீட்டு வேண்டாம் என்று சொன்ன டீச்சரைச் சபை செயலாளராகத் தெரிந்தெடுத்தது. சபை ஆரம்பித்ததிலிருந்து முதல் பெண் செயலாளர்.

எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒன்பது குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன, திரும்பவில்லை. அந்த அம்மாவின் மூத்த மகன் இன்னும் ஆலயத்துக்குள் கால் வைப்பதில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றாததால் நானும் கேட்கவில்லை. கல்லை எடுப்பதா வேண்டாமா என்று கமிட்டி மூன்று தடவை பேசியும் முடிவாகவில்லை.

பழைய செயலாளர் பதினான்கு சாவியில் பதின்மூன்றை ஒப்படைத்தார். கேட் சாவியை மட்டும் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, காணிக்கை எடுக்கிற நேரத்தில் அவருடைய பேரன் ஒரு கைக்குட்டை முடிச்சை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். சாவி அதற்குள் இருந்தது. அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். இப்போதும் அங்கேதான் உட்காருகிறார். அறிவிப்பு நேரம் வந்தால் பாதி எழுந்துவிடுகிறார், பிறகு உட்கார்ந்துகொள்கிறார்.

டீச்சர் போதகர் அறையில் ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டி, பக்கத்தில் நூலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எடுக்கிறவர் தேதி, நேரம், பெயர் எழுத வேண்டும். போன மாதம் அசனத்துக்குப் போயிருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். வாலிபர்கள், பெண்கள் சங்கம், வாட்ச்மேன், பாடகர் குழு என்று பல கையெழுத்து. அன்றைய தேதிக்கு முதல் வரி, கட்டையான பழைய பள்ளிக்கூட எழுத்தில்: காலை 5.20, தண்ணீர் பிடிக்க. பக்கத்தில் அவர் பெயர். திரும்ப வைத்தது 7.05.